நாலாம் நம்பர் பேனலின் பிறந்த தேதி

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கற்பூரத்தை அணைத்துச் சொல்லலாம் என்று பார்த்தேன். இப்போதெல்லாம் கற்பூரத்தை யார் மதிக்கிறார்கள்? அதனால் என் ஒரே மகள் பூங்குழலியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். பெற்ற மகளின் தலையில் கைவைத்துவிட்டு எந்தத் தகப்பனும் பொய் எழுதமாட்டான். இதற்குப் பிறகும் நடுவில் யாராவது சிரித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என் பெயர் ஆறுமுகசாமி. ஊர் ஹனூர் பக்கம். மைசூரில் மின்சார ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் வேலை. அதில் கடைசிப் பதினேழு வருஷம் மண்டி மொஹல்லாவில், ஒரு வெங்காயக் குடோனுக்கும் ஓர் இரும்புக் கடைக்கும் நடுவில் சொருகி வைத்த ஸ்விட்ச் ரூமில். உள்ளே ஆறு பேனல்கள். பேனல் என்றால் ஆள் உயர இரும்பு பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலைக்குப் பதிலாக உள்ளே பதினோராயிரம் வோல்ட் மடித்து வைத்திருக்கும். ஒரு கேபிள் தரைக்குள்ளிருந்து வரும், எண்ணெயில் முங்கிய பெரிய ஸ்விட்ச் ஒன்றுக்குள் புகும், அங்கிருந்து இன்னொரு கேபிள் தெருவுக்குப் போகும். அந்த ஆறில் நாலாம் நம்பர்தான் வயசாளி. எவ்வளவு வயசு என்று கேட்காதீர்கள். என் கஷ்டம் எல்லாம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.

அந்த வருஷம் பிப்ரவரியில் மேலிடத்திலிருந்து ஒரு புது ஏற்பாடு வந்தது. அதுவரை பேனல் வெடித்த பிறகு ஓடிக்கொண்டிருந்தோம். இனி வெடிப்பதற்கு முன்பே ஓட வேண்டும். விஷயம் இதுதான்: கேபிளோ ஸ்விட்சோ ஒரே நாளில் கெடுவதில்லை. உள்ளே இருக்கும் காப்பு ஏதோ ஓர் இடத்தில் தளர்ந்துபோய், அங்கே கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத சின்னப் பொறி மாதக்கணக்கில் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பொறியைக் கேட்க ஒரு கருவி. சோப்புப் பெட்டி அளவில் காந்தம் வைத்த டப்பா ஒன்று பேனல் கதவில் ஒட்டிக்கொள்ளும். கேபிளின் எர்த் வயரைச் சுற்றி ஒரு வளையம். இரண்டும் கேட்டதைச் சிஸ்டத்துக்குச் சொல்லும். சிஸ்டம் ஒவ்வொரு பேனலுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். குறை அதன் ஃபாரத்தில் இருந்தது.

ஃபாரத்தோடு வந்தவர் சௌம்யா மேடம். எங்கள் உதவிப் பொறியாளர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். ஒரு பேனலுக்கு நாற்பத்து மூன்று கேள்வி. பதினேழாவது கேள்வி, பேனலை எந்தத் தேதியில் போட்டார்கள் என்பது. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் போட்ட கேள்விக்குப் பதில் எழுதாவிட்டால் பதினெட்டாவது கேள்வி திறக்காது.

தேதி பேனலின் பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கும். தகட்டைப் பார்க்கலாம் என்றால், அதைப் பார்த்தவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை. மைசூரில் ஆயுத பூஜையை நாங்கள் சாதாரணமாக விடுவதில்லை. எங்கள் ஸ்விட்ச் ரூம் ஆபரேட்டர் மல்லப்பன் கொள்ளேகால்காரன், கைராசிக்காரன் என்று பெயர். வருஷா வருஷம் ஆறு பேனலின் தகட்டிலும் விபூதிப் பட்டை போட்டு, மஞ்சள் அப்பி, நடுவில் குங்குமம் வைப்பான். அவனுக்கு முன்பு இருந்தவரும் அப்படித்தான், அவருக்கு முன்பு இருந்தவரும் அப்படித்தான். பக்தியில் எவரும் பழசைத் துடைக்கவில்லை. நாலாம் நம்பரின் தகடு இட்லி கனத்துக்கு மேடு கட்டியிருந்தது. சௌம்யா மேடம் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிப் பார்த்தார். எட்டு தசராவரைக்கும் தோண்டிய பிறகு ஸ்க்ரூடிரைவர் வளைந்தது. அதற்கும் கீழே எலுமிச்சம்பழத் தோல் வந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"சார், டேட் இல்லாம சிஸ்டம் முந்தெ போகாது. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க," என்றார்.

ஏதாவது ஒண்ணு சொல்வதற்கு எனக்கு ஒரு முறை தெரியும். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் ஜடையன் என் அப்பாவிடம் பிறந்த தேதி கேட்டார். சோளம் அறுத்த சமயம் என்றார் அப்பா. எந்த வருஷத்துச் சோளம் என்றதற்கு அப்பா யோசித்துக்கொண்டே பீடி பற்றவைத்தார். ஹெட்மாஸ்டர் என் வலது கையைத் தூக்கி, தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுபோய், இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டது. தொட்டால் பள்ளி வயசு. ஜூன் ஒன்று, அறுபத்து நாலு என்று எழுதிக்கொண்டார். அன்றைக்குச் சேர்ந்த முப்பத்தொரு பேருக்கும் அதே தேதிதான். ரிக்கார்டுப்படி அந்த ஒரு நாளில் எங்கள் ஊரில் பிள்ளை பெறாத ஆத்தாள் யாருமில்லை.

நாலாம் நம்பரையும் அதே முறையில் பார்த்தேன். அதன் கைப்பிடியைத் தூக்கி மேலே கொண்டுபோனால் அந்தப் பக்கத்துக் கொண்டியைத் தொடுகிறதா என்று. தொட்டது. ஜூன் ஒன்று, அறுபத்து நாலு என்றேன். சௌம்யா மேடம் எழுதினார். அடுத்த கேள்வி பேனலுக்குப் பொறுப்பான ஊழியர் எண். அதற்கு என் எண்ணைக் கொடுத்தேன். கேள்வி வரிசையாகத் திறந்தது. மூவரும் டீ குடித்தோம்.

எங்கள் ஆபீஸில் ஊழியர் கணக்கும் பேனல் கணக்கும் ஒரே சிஸ்டத்தில் இருக்கின்றன. அது மார்ச் முதல் வாரம் தன்னைத்தானே துப்புரவு செய்துகொண்டது. ஒரே எண், ஒரே பிறந்த தேதி, ஒரே மண்டி மொஹல்லா. இப்படி இரண்டு பதிவு இருப்பதைக் கண்டு, இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு செய்தது. சேர்த்தது. பிறகு அதற்கே சந்தேகம் வந்து திரும்பப் பிரித்தது. பிரிக்கும்போது தலையும் வாலும் மாறிப்போய்விட்டது.

எனக்கு அது உகாதி அன்றுதான் தெரிந்தது. பேனலுக்குப் பண்டிகை விடுமுறை அனுமதிக்கப்பட்டதாக ஸ்விட்ச் ரூம் கம்ப்யூட்டரில் செய்தி. மல்லப்பன் ஆர்டரை மீறுகிற ஆள் இல்லை. லோடை ஐந்தாம் நம்பருக்கு மாற்றி, நாலாம் நம்பரை அணைத்து, கதவில் மாவிலை கட்டி, வேப்பம்பூவும் வெல்லமும் தலையில் வைத்துவிட்டான். அதே நேரம் என் போனில் ஒரு செய்தி வந்தது: சொத்து நாலாம் நம்பர், ஆயுள் முடியும் தறுவாய், உடல்நிலை நூற்றுக்கு முப்பத்தெட்டு, கண்காணிப்புக் கருவி இன்னும் பொருத்தப்படவில்லை, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் பொருத்துக.

ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டேன். பெங்களூரில் கிங்ஸ்லி என்று ஒருவர் எடுத்தார். தங்கமான மனிதர். அன்றிலிருந்து இரண்டு மாதம் தினமும் அவரோடு பேசினேன், ஒருநாள்கூடக் குரலை உயர்த்தவில்லை. ஒருநாள்கூட எதையும் செய்யவும் இல்லை. நான் மனிதன் என்று சொன்னேன். அதற்கு ஆதாரம் அப்லோட் செய்யச் சொன்னார். பள்ளிக்கூடச் சான்றிதழை அப்லோட் செய்தேன். அதில் இருந்ததும் ஜூன் ஒன்று, அறுபத்து நாலு. பேனலோடு கச்சிதமாகப் பொருந்துவதால் புகார் முடிக்கப்பட்டது என்று பதில் வந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பதறியதற்குக் காரணம் மார்க் அல்ல. முப்பத்தெட்டு மார்க் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். பூங்குழலிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மகேந்திரன், சாமராஜநகரில் வேலை. ஜூன் ஒன்பது, ஹனூரில் முகூர்த்தம். நான் மே முப்பத்தொன்றில் ரிட்டயர். ஒன்றாம் தேதி பிறந்தவன் முந்தின மாதக் கடைசியிலேயே போய்விட வேண்டும் என்பது சட்டம். ஹெட்மாஸ்டர் ஜடையன் எனக்குச் செய்த ஒரே கெடுதல் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கணக்காகப் பொருந்தியிருந்தது. இப்போது சிஸ்டத்தைத் திறந்து பார்த்தால், மே முப்பத்தொன்றில் ரிட்டயர் ஆகப்போவது பேனல். எனக்கு எழுதியிருந்தது: பழுது பார்த்து இன்னும் பதினைந்து வருஷம் ஓட்டலாம்.

லீவு போடலாமே என்பீர்கள். போட்டேன். நாலாம் நம்பரைப் பழுது பார்க்க அணைத்த நாட்களையெல்லாம் கூட்டி, என் கணக்கிலிருந்து கழித்திருந்தார்கள். நான் இரண்டாயிரத்துப் பதினொன்றில் பதினெட்டு நாள் எண்ணெய் மாற்றிக்கொண்டதாகப் பதிவு இருந்தது. சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பொருத்திய ஊரைவிட்டுச் சொத்து வெளியே போனால், சிஸ்டம் தானாகவே திருட்டுப் புகார் கொடுத்துவிடும். மண்டபத்தில் மணமேடை ஏறும்போது என்னைத் திருடியதற்காகக் கௌரம்மாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கௌரம்மா என் மனைவி.

எழுபத்திரண்டு மணி நேரம் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது சௌம்யா மேடம் டப்பாவோடும் வளையத்தோடும் என் முன்னால் வந்து நின்றார். எங்கள் கோட்டத்துக்குச் சிவப்பு விழுந்தால் மேலிடம் அவரைத்தான் கேட்கும்.

"நான் எம்.டெக் பண்ணினது மனுஷனுக்கு வளையம் மாட்டறதுக்கா சார்? காலை நீட்டுங்க."

நீட்டினேன். எர்த் வயர் என்றால் தரையைத் தொடுவது. எனக்குத் தரையைத் தொடுவது கால். கணுக்காலில் வளையம் பூட்டியாகிவிட்டது. காந்த டப்பாதான் எங்கும் ஒட்டவில்லை. நெஞ்சில் வைத்தால் விழுந்தது, முதுகில் வைத்தால் விழுந்தது. கடைசியில் மல்லப்பன் தன் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியைச் சட்டைக்குள் சொருகி அதன்மேல் ஒட்டினான். எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்பவர்கள் மண்டி மொஹல்லாவில் டிபன் பாக்ஸ் வாங்கியதில்லை.

அப்போதிலிருந்து நான் எங்கே எப்படி இருக்கிறேன் என்பது சௌம்யா மேடத்தின் போனில் தெரியும். தூங்கினால் எண்பத்திரண்டு. ஸ்விட்ச் ரூமில் இருந்தால் அறுபது. கிங்ஸ்லியோடு பேசினால் நாற்பது. வீட்டுக்குப் போய், கல்யாண வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று கௌரம்மா ஆரம்பித்தால் இருபத்தாறு, பத்தொன்பது என்று சரியும். காப்பு தளர்ந்து உள்ளே பொறி தட்டுகிறது என்று எச்சரிக்கை வரும். சிவப்பு வந்தால் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. முதல் வாரம் நாலு தடவை சௌம்யா மேடம் ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் கௌரம்மா பேச்சை நிறுத்தி, அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நாலாவது தடவை விஷயத்தை எடுத்துச் சொன்னோம். அவள் என் சட்டைமேல் ஒட்டியிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"முப்பது வருசமா நான் பேசறது இந்த டப்பாவுக்காச்சும் காதுல உளுகுதே," என்றாள். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். நேராக என் நெஞ்சைப் பார்த்துத்தான் பேசினாள்.

ஏப்ரல் கடைசியில் என் எண்ணெய் மாதிரி கேட்டு ஆர்டர் வந்தது. பேனலுக்குள் இருக்கும் எண்ணெயை எடுத்துச் சோதித்தால் உள்ளே இருக்கிற கோளாறு தெரியும். என் எண்ணெய்க்கு எங்கே போவது? மல்லப்பன் யோசித்தான். வெயிலில் ஒரு மணி நேரம் என்னை உட்கார வைத்து, தலையிலிருந்து வழிந்த தேங்காய் எண்ணெயைப் புட்டியில் பிடித்து, சீல் வைத்து அனுப்பினான். பத்து நாளில் ரிப்போர்ட். ஈரம் அளவோடு இருக்கிறது, புளிப்பு கொஞ்சம் அதிகம், நாற்பதாயிரம் வோல்ட் தாங்கும். புளிப்பு அதிகம் என்பதைக் கௌரம்மா ஒப்புக்கொண்டாள்.

பிறகு ஐயாயிரம் வோல்ட் கொடுத்துக் காப்பைச் சோதிக்கச் சொல்லி இன்னொரு ஆர்டர். அன்று சௌம்யா மேடம் உட்கார்ந்து கன்னடத்திலும் தமிழிலும் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. அந்த ஆர்டர் மட்டும் திரும்பிப் போனது. அந்த ஒரு கடிதத்துக்காக அவருக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவன்; சிஸ்டப்படி இன்னும் பதினைந்து வருஷத்துக்கு.

மே முப்பத்தொன்று வந்தது. நாலாம் நம்பரின் பணி ஓய்வு உத்தரவு முறைப்படி வந்துவிட்டதால், அதற்கு வழியனுப்பு விழா நடத்தியே ஆகவேண்டும் என்று செயற்பொறியாளர் சொல்லிவிட்டார். நடத்திய ஃபோட்டோவைச் சிஸ்டத்தில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு சிவப்பு. மாலை நாலு மணிக்கு ஸ்விட்ச் ரூமில் பந்தல். ஆறு பேனலில் ஒன்றுக்கு மட்டும் சந்தன மாலை. உச்சியில் சரிகை வைத்த தலைப்பாகை, மைசூர் பேட்டா. தலை பெரிசு என்பதால் இரண்டு பேட்டாவைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். சால்வை போர்த்தி, கைப்பிடியில் பழக்கூடையைத் தொங்கவிட்டார்கள். நான் ஓரமாக நின்று நாற்காலி எடுத்துப் போட்டேன்.

செயற்பொறியாளர் நன்றாகப் பேசினார். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை என்றார். வேலை நேரத்தில் இருக்கையைவிட்டு நகர்ந்ததில்லை என்றார். அப்போது என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. இந்த இடத்தை யாராலும் நிரப்ப முடியாது என்று அவர் முடித்ததும், நாலாம் நம்பருக்குத் தாங்கவில்லை. ஒரு தடவை விம்மியது. டமார் என்று ட்ரிப் ஆனது. மண்டி மொஹல்லா முழுக்கக் கரண்ட் போய்விட்டது. எனக்கும் கண்ணில் தண்ணீர். அது வேறு காரணத்துக்கு. ஜூன் ஒன்பதுக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஜூன் மூன்றில் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்தாம் தேதி மாப்பிள்ளை வீட்டார் போன் செய்து, பொண்ணோட அப்பா ஹனூருக்கு வந்துட்டாரா என்று கேட்டார்கள். கிங்ஸ்லியிடம் கேட்டேன். டிக்கெட் இரண்டாம் கட்டத்துக்குப் போயிருக்கிறது என்றார். அடுத்த கட்டம் எப்போது என்றேன். ஏழு வேலை நாள் என்றார். இப்போதும் குரலை உயர்த்தவில்லை.  பூங்குழலி, கணுக்கால் வளையத்தை மறைக்க அளவில்லாமல் நீளமான ஒரு வேட்டி வாங்கி வந்து கட்டிலில் வைத்தாள். அதைப் பார்த்தபோது சிஸ்டத்தில் ஏழு காட்டியது என்று பிறகு மேடம் சொன்னார்.

ஆறாம் தேதி காலை கௌரம்மா ஆபீஸுக்கே கிளம்பினாள். சௌம்யா மேடத்தின் மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். மேடம் சிஸ்டத்தைக் காட்டி, விதியைக் காட்டி, தன் கையில் ஒன்றுமில்லை என்பதை விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கௌரம்மா கேட்டாள்.

"ஏனுங்கம்மா, உங்ற பீரோ ரிப்பேரானா என்ன பண்ணுவீங்க?"

"ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவோம்."

"அப்ப சிஸ்டம் சும்மா இருக்குமுங்களா?"

"லைன் கிளியர் கொடுத்துட்டா இருக்கும்."

"இவருக்கும் அதையே குடுங்க. நெம்ப ரிப்பேரு. நாங்களே எடுத்துட்டுப் போறோம்."

 சௌம்யா மேடம் மேஜையின் கீழ் அறையை இழுத்து லைன் கிளியர் புத்தகத்தை எடுத்தார். லைன் கிளியர் என்பது, இந்த லைன் அணைக்கப்பட்டது, எர்த் செய்யப்பட்டது, கை வைக்கலாம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. வாங்கினவர் அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை யாரும் ஸ்விட்ச் போடக்கூடாது. மேடம் எழுதினார்: சொத்து நாலாம் நம்பர், ஜூன் எட்டு காலை ஆறு மணி முதல் பத்து மாலை ஆறு மணி வரை, பழுது பார்க்கும் இடம் ஹனூர், பொறுப்பாளர் மல்லப்பன். கையெழுத்துப் போட்டுவிட்டு நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டார்.

"எஷ்டு வருஷம் படிச்சேன் மல்லப்பா," என்றார். மல்லப்பன் அந்தச் சமயம் அங்கே இல்லை.

சொத்து பஸ்ஸில் போகக்கூடாது. ஆபீஸ் லாரியில் நிமிர்த்தி நிற்க வைத்து, நாலு பக்கமும் கயிறு கட்டி, நெஞ்சில் 'இந்தப் பக்கம் மேலே' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கழுத்தில் சிவப்பு அட்டை: வேலை நடக்கிறது, ஸ்விட்ச் போடாதே. எர்த் விட்டுப்போகக்கூடாது என்று செருப்பைக் கழற்றச் சொன்னான் மல்லப்பன். கொள்ளேகால் தாண்டும்வரை மழை. தார்ப்பாய் போட்டுப் போர்த்தினான். வழியில் டீக்கடையில் எனக்கு ஒரு டீ கேட்டேன்.

"குடிக்கக்கூடாதுங்ணா. லைன் கிளியர்ல இருக்கீங்க. உள்ளார சூடு ஏறுமுங்," என்றான். அவன் இரண்டு டீ குடித்தான்.

மண்டபத்தில் இறக்கினார்கள். கழுத்து அட்டையைப் பார்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா அது என்ன என்று கேட்டார். ஆபீஸில் கொடுத்த விருது என்றான் மல்லப்பன். அவர் பக்கத்திலிருந்தவரிடம், சம்பந்தி பெரிய கையாட்டம் இருக்குது என்றார். அதன்பிறகு எனக்கு மரியாதை கூடிவிட்டது. யாரும் தொடவில்லை.

முகூர்த்த நேரம். தாரை வார்க்கக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் கை, அதன்மேல் பூங்குழலியின் கை, அதற்கு மேலே என் கை. கௌரம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் என் கையிலிருந்து மகளின் கைக்கும், அங்கிருந்து மருமகன் கைக்கும், அப்புறம் தரைக்கும் இறங்கியது. வெறுங்கால், ஈரத் தரை. முப்பத்தாறு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு எர்த்தை நான் பார்த்ததில்லை. உள்ளே எத்தனையோ வருஷமாகத் தட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றது.

அப்போது இடுப்பில் போன் அடித்தது. மல்லப்பன் எடுத்து என் காதில் வைத்தான். மைசூரிலிருந்து சௌம்யா மேடம்.

"சார், நூறு காட்டுது. நூத்துக்கு நூறு. இந்த மார்க் எந்தப் பேனலுக்கும் வந்ததில்ல. என்ன பண்ணினீங்க?"

"பொண்ணக் குடுத்தேனுங்க மேடம்," என்றேன்.

 ஆயித்து சார், வச்சிடறேன் என்றார்.

பத்தாம் தேதி மாலை ஐந்தரைக்கு மல்லப்பன் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தான். நூறு வாங்கிய சொத்துக்குக் கண்காணிப்பு தேவையில்லை என்று சிஸ்டம் என்னைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பட்டியலில் இல்லாத சொத்துக்கு வேலையும் இல்லை. மேடம் வளையத்தைக் கழற்றினார். டிபன் பாக்ஸ் மூடியை மல்லப்பன் வாங்கிக்கொண்டான். அன்றைக்கே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் கிங்ஸ்லியிடமிருந்து செய்தி: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? நட்சத்திரம் போட்டாலே எனக்கு இப்போது பயம். பதில் எழுதவில்லை. பதில் எழுதும்வரை அந்தச் செய்தி போகாது போலிருக்கிறது, இன்றைக்குக் காலையிலும் வந்தது.

நாலாம் நம்பர் இப்போதும் அங்கேதான் நிற்கிறது. அணைத்து வைத்திருக்கிறார்கள். பேட்டாவைக் கழற்ற ஆர்டர் வராததால் பேட்டாவோடு நிற்கிறது. போன ஆயுத பூஜைக்கு மல்லப்பன் அதற்கும் குங்குமம் வைத்தான் என்று கேள்வி.

எனக்கும் கௌரம்மாவுக்கும் பிள்ளைகள் இரண்டு பேர். கவின்ராஜ், மதன். பெண் குழந்தை கிடையாது.